அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

சொந்தத் துப்பாக்கியை விமானத்தில் கொண்டுபோகலாமா? அமெரிக்காவுக்குள் கொண்டுபோகலாம். தோட்டாவை எடுத்துவிட்டு, கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்டி, கவுண்டரில் சொல்லிவிட்டு, செக்-இன் சாமானாக மட்டுமே போட வேண்டும். அடிப்படை விதி இவ்வளவுதான். ஆனாலும் 2023இல் மட்டும் விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் டிஎஸ்ஏ (பயணிகளையும் பைகளையும் சோதிக்கும் அரசு அமைப்பு) 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தது. அவற்றில் சுமார் 93 சதவீதத்தில் தோட்டா இருந்தது. பிடிபட்டவர்கள் அடிக்கடி சொல்லும் காரணம், "பையில் இருந்ததே மறந்துபோச்சு" என்பது.

தொடங்கும் முன் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பருடைய துப்பாக்கியைப் "பிடித்துக்கொள்வது"கூட வினையாகலாம். உங்கள் நிலை என்னவென்று வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு மேலே படியுங்கள்.

படி 1: கைப்பையைக் காலி செய்யுங்கள்

சுடும் பயிற்சிக்குக் கொண்டுபோகும் பையை ஒருபோதும் விமானக் கைப்பையாக எடுக்காதீர்கள். அதற்கென்று ஒரு பை, பயணத்துக்கு வேறு பை. இந்த ஒரு பழக்கம் இருந்தாலே பாதி ஆபத்து போய்விடும். ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் ஒற்றைத் தோட்டாவும், காலி மேகசினும் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் மாட்டும் கூடு), ஃபயரிங் பின்னும்கூட (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) கைப்பையில் போகக் கூடாது. துப்பாக்கியோடு மாட்டிக்கொண்டால் பல ஆயிரம் டாலர் அபராதம் வரலாம். ப்ரீசெக் வசதியும் (சோதனையை விரைவாக முடித்துப் போக உதவும் திட்டம்) குறைந்தது 5 ஆண்டுக்குப் போய்விடும். கைதும் நடக்கலாம்.

படி 2: இறங்கும் ஊரின் சட்டத்தைப் பாருங்கள்

டிஎஸ்ஏ விதி விமானப் பயணத்துக்கு மட்டும்தான். தரையிறங்கியதும் அந்த மாநிலத்தின் சட்டம் வந்துவிடும். ஹூஸ்டனிலிருந்து டென்வர் போகிறீர்கள் என்று வையுங்கள். டெக்சாஸில் 17 தோட்டா பிடிக்கும் மேகசின் சாதாரணம். கொலராடோவில் 2013இலிருந்து 15க்கு மேல் பிடிக்கும் மேகசினுக்குத் தடை. துப்பாக்கியில் குறையே இல்லாவிட்டாலும் மேகசினால் மாட்டிக்கொள்வீர்கள். விமான நிறுவனத்தின் விதியையும் அதன் தளத்தில் படித்துவிடுங்கள்.

படி 3: பெட்டியும் பூட்டும்

பெட்டி கடினமானதாக, நான்கு பக்கமும் இறுக மூடுவதாக இருக்க வேண்டும். பூட்டிய பின் ஒரு மூலையைப் பிடித்து நெம்பிப் பாருங்கள். விரல் உள்ளே போகுமளவு இடைவெளி விட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். துப்பாக்கி வாங்கும்போது கூடவே வரும் பிளாஸ்டிக் பெட்டி பல சமயம் இந்தச் சோதனையில் தேறாது. பூட்டுத் துளை இரண்டிருந்தால் இரண்டிலும் பூட்டு போடுங்கள். சாவி உங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். அதனால் டிஎஸ்ஏ பொதுச்சாவியால் திறக்கிற பூட்டைவிடச் சாதாரணக் கனமான பூட்டே மேல் என்பேன்.

வைக்கும் முன் மேகசினைக் கழற்றி, சேம்பரை (சுடுவதற்குத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) திறந்து கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

படி 4: தோட்டா

தோட்டாவும் செக்-இன்னில்தான். உதிரியாகக் கொட்டி வைக்கக் கூடாது. வாங்கிய அட்டைப் பெட்டியோ, தோட்டாவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் பெட்டியோ போதும். பெரும்பாலான நிறுவனங்களில் 5 கிலோ (11 பவுண்டு) வரைதான் அனுமதி. கருமருந்துக்கு எங்குமே இடமில்லை.

படி 5: கவுண்டரில்

இயந்திரத்தில் சாமான் போட வேண்டாம், வாசலில் பெட்டி வாங்குபவரிடமும் கொடுக்க வேண்டாம். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வந்து, ஊழியர் இருக்கும் கவுண்டருக்கே போங்கள். "செக்-இன் பெட்டியில் தோட்டா நீக்கிய துப்பாக்கி ஒன்று இருக்கிறது, அறிவிக்க வேண்டும்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அவர் கேட்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். ஓர் அட்டையில் கையெழுத்து வாங்கி உள்ளே வைக்கச் சொல்வார். பெட்டிக்கு வெளியே "துப்பாக்கி" என்று அடையாளம் ஒட்டச் சொல்லி நிறுவனம் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. கூட்டாட்சிச் சட்டமே அதைத் தடுக்கிறது. ஸ்கேனில் சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறக்க, சாவி வைத்திருக்கும் உங்களைத் தேடுவார்கள். அதனால் பெட்டி தேறிவிட்டது என்று கேட்டு உறுதி செய்யும்வரை அங்கேயே நில்லுங்கள்.

படி 6: வழியில் மாட்டிக்கொண்டால்

எல்லாரும் அசட்டையாக விடுவது இதைத்தான். 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஒருவர், நியூஜெர்சி மாநிலத்தின் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் இரவு தங்கினார். மறுநாள் கவுண்டரில் ஒழுங்காகத் துப்பாக்கியை அறிவித்தார். நியூஜெர்சி உரிமம் இல்லை என்று அங்கேயே கைது, சில நாள் சிறை. குற்றச்சாட்டு பின்னால் கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில், வழிப்பயணிகளுக்குப் பாதுகாப்புத் தரும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் அவரைக் காக்கவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. பெட்டி இரவு முழுக்க அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்பதே காரணம்.

அதனால் நியூயார்க், நியூஜெர்சி வழியாக டிக்கெட் எடுக்காதீர்கள். விமானம் அங்கே திருப்பிவிடப்பட்டு, "உங்கள் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஊழியர் நீட்டினாலும் வாங்காதீர்கள். கடைசி ஊருக்கே அனுப்பிவிடும்படி கேளுங்கள்.