விசிலைப் பிடுங்காதீர்கள்: உடற்கல்வி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம், புதிதாகச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் வகுப்பை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியிடம் விசிலைக் கொடுத்து, "இன்றைக்கு வார்ம் அப் நீதான் நடத்த வேண்டும்" என்றார். அவள் வரிசையைச் சரிசெய்வதற்குள் பின்னால் இருவர் தள்ளுமுள்ளில் இறங்கிவிட்டார்கள். மூன்றாவது நிமிடத்தில் விசில் ஆசிரியரின் கழுத்துக்கே திரும்பிவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. இதே காரியத்தை நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன்.

தண்ணீர், ஷூ, முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

கொடுத்த பொறுப்பைப் பிடுங்குவது

பந்தைக் கோணலாக உதைத்த பிள்ளையிடம், "உனக்கு வராது, பந்தைக் கொடு" என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. மறுபடி உதைக்கச் சொல்கிறோம். ஆனால் பத்துப் பேரை முன்னின்று நடத்தும்போது ஒருமுறை சொதப்பினால் போதும், பொறுப்பு பறிபோய்விடுகிறது. இது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நானே செய்தும் விளங்கவில்லை.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எந்த விளையாட்டும் அவனிடம் சண்டையில்தான் முடியும். பொறுப்பைக் கொடுத்தால் திருந்திவிடுவான் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒருநாள் 40 பேர் கொண்ட வகுப்பையே அவனிடம் ஒப்படைத்தேன். நண்பர்களைச் சிரிக்கவைப்பதற்காக அவன் எல்லாரையும் தவளை போலக் குதிக்கச் சொன்னான். விசிலைப் பிடுங்கினேன். "உன்னைப் போய் நம்பினேன் பார்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அந்த ஆண்டு முடியும்வரை அவன் எதற்கும் கை தூக்கவில்லை. மற்ற 39 பேரும் அன்றைக்கே ஒன்றைக் கற்றுக்கொண்டார்கள்: விசில் ஆசிரியருடையது, தங்கள் கைக்கு வருவது வெறும் இரவல்.

அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் டான் ஹெலிசன், நெருக்கடியான சூழலில் வளர்ந்த இளைஞர்களோடு பழகி உருவாக்கிய முறையைப் பிறகுதான் படித்தேன். அதில் பொறுப்புக்கு ஐந்து நிலைகள்: பிறருடைய உரிமையையும் உணர்வையும் மதிப்பது, முயற்சியோடு ஈடுபடுவது, யாரும் சொல்லாமல் தன்னைத் தானே நடத்திக்கொள்வது, பிறருக்கு உதவி முன்னின்று நடத்துவது, இவற்றை மைதானத்துக்கு வெளியேயும் கடைப்பிடிப்பது. முதல் நிலையிலேயே தடுமாறிக்கொண்டிருந்த பையனை நான் நான்காவதில் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். பிறகு விழுந்தான் என்று கோபப்பட்டிருக்கிறேன்.

இப்போது ஒருவருக்கு மூன்று பேர், ஒரே பயிற்சி, ஐந்து நிமிடம். குழப்பினாலும் குறுக்கிடுவதில்லை. யாருக்காவது அடிபடும் என்றால் மட்டும் தலையிடுவேன். ஈட்டியோ குண்டோ எறியும் நேரத்தில் விசில் என் கையைவிட்டுப் போகாது. வகுப்பு முடியும்போது எல்லாரும் வட்டமாக உட்கார்கிறோம். எது நன்றாக வந்தது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று கேட்கிறேன். அடுத்த வகுப்பில் அதே பிள்ளைக்கு அதே வேலை மறுபடியும். ஹெலிசனின் முறையிலும் இறுதிக் கலந்துரையாடல் உண்டு. நேரம் போதவில்லை என்று புதியவர்கள் முதலில் வெட்டுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். விளையாட்டில் பத்து நிமிடத்தைக் குறையுங்கள். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

ஓட்டத்தைத் தண்டனையாக்குவது

எந்த நூலகராவது புத்தகம் படிப்பதைத் தண்டனையாகக் கொடுப்பாரா?

எல்லார் முன்னும் அளப்பது

ஓட்டத் தாங்குதிறனை அளக்கும் பீப் டெஸ்ட்டில் 20 மீட்டர் தூரத்தை ஒலிக்கு ஒலி ஓடிக் கடக்க வேண்டும். ஏறக்குறைய நிமிடத்துக்கொரு முறை வேகம் கூடும். முதலில் ஓட முடியாமல் நின்றுவிடுவது உடல் தளர்ந்த பிள்ளை. நின்றபின் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை. சோதனை தேவைதான் என்றால் சிறு குழுக்களாக நடத்துங்கள், முடிவை அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்லுங்கள். எடையைச் சத்தமாக வாசிக்கவே வாசிக்காதீர்கள்.

கேப்டன்கள் ஆள் பொறுக்குவது

கடைசியாக மிஞ்சப்போவது யார் என்று அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரியும். அணிகளை நீங்களே பிரித்துவிட்டு வாருங்கள்.

நலவாழ்வை நோட்டில் முடிப்பது

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மிதமானது முதல் தீவிரமானதுவரையான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல். பிள்ளைகள் இதை அழகாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஆனால் வாரத்தில் ஓரிரு பாடவேளையை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை நம்மால் நிரப்ப முடியாது. மீதி நேரம் அவர்கள் கையில் இருக்கிறது. அதனால் திட்டத்தையும் அவர்களையே போடச் சொல்கிறேன்.

தினமும் ஓடு என்று ஒரு மாணவியிடம் சொல்லிவைத்திருந்தேன். மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வெளியே போக முடியாது என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் அவள் தாளில், "தம்பியோடு ஸ்கிப்பிங், 20 நிமிடம்" என்றிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: "எண்ணுவது தம்பி."