மாடி மெஷ் யூனிட்டுக்குக் கேபிள் போட்டும் வேகம் வராவிட்டால்

எங்கள் வீடு தரைத்தளமும் மாடியும். ஃபைபர் மோடம் கீழே ஹாலில் இருக்கிறது. நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். கீழிருந்து வரும் வைஃபை மாடி அறையை எட்டும்போது ஒரு கோடுதான் மிஞ்சும். அதனால் மூன்று யூனிட் உள்ள மெஷ் வாங்கினோம். வீட்டின் பல இடங்களில் வைத்த பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையைத் தரும் ஏற்பாடு அது. வீடு கட்டும்போதே சுவருக்குள் கேட்6 நெட்வொர்க் கேபிள் இழுத்து வைத்திருந்ததால், மாடி யூனிட்டை அதில் சொருகிவிட்டால் முழு வேகமும் வந்துவிடும் என்று நம்பினேன். வந்தது 94 எம்பிபிஎஸ். நாங்கள் எடுத்திருப்பது 300 எம்பிபிஎஸ் இணைப்பு.

மெஷ் பெட்டிதான் மோசம் என்று முடிவுகட்டி, திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கோளாறு கேபிளின் நுனியில் இருந்தது. உங்கள் வீட்டிலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நான் தேடிக் கண்டுபிடித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. உண்மையிலேயே கேபிள் வழியாகத்தான் போகிறதா?

மெஷ் செயலியைத் திறந்து மாடி யூனிட்டைத் தொட்டுப் பாருங்கள். ஈதர்நெட் என்றோ வயர்டு என்றோ காட்ட வேண்டும். கேபிள் சரியில்லை என்றால் யூனிட் சத்தமில்லாமல் வைஃபைக்கு மாறிக்கொள்ளும். இணையம் வந்துகொண்டே இருப்பதால் நமக்குத் தெரியாது.

2. சொருகியிருக்கும் வரிசை

ஃபைபர் மோடத்திலிருந்து வரும் கேபிள் முதன்மை யூனிட்டின் ‘வேன்’ (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட்டுக்குப் போக வேண்டும். அந்த யூனிட்டின் லேன் (LAN, வீட்டுக்குள் போகும்) போர்ட்டிலிருந்து நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்கு, அதாவது ஒரு கேபிளைப் பல கேபிளாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு. ஸ்விட்ச்சிலிருந்து மற்ற யூனிட்டுகளுக்கு. மோடத்திலேயே நான்கு போர்ட் இருக்கிறதே என்று மாடிக் கேபிளை நேராக அதில் சொருகினால், மாடி யூனிட் முதன்மை யூனிட்டுக்கு வெளியே, வேறொரு நெட்வொர்க்கில் நின்றுவிடும். மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (மோடமே நெட்வொர்க்கை நடத்த, மெஷ் வைஃபை மட்டும் தரும் முறை) வைத்திருந்தால் பல மெஷ்களில் இந்தக் கட்டாயம் இல்லை. ரூட்டர் மோடில் (முதன்மை யூனிட்டே நெட்வொர்க்கை நடத்தும் முறை) கட்டாயம் உண்டு.

3. எண்ணைப் பாருங்கள்

மாடிக் கேபிளை யூனிட்டிலிருந்து கழற்றி லேப்டாப்பில் சொருகுங்கள். விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புகளுக்குள் இணைப்பு வேகம் என்ன என்று காட்டும். 1000 இருந்தால் நல்லது. 100 என்றால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் எளிது. கேபிளுக்குள் எட்டு வயர், அதாவது நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு வயர் போதும். 1000க்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8இல் ஒன்று அறுந்தாலும் இரண்டு பக்கக் கருவிகளும் 100க்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். 100இல் ஓடும் கேபிளில் வேகச் சோதனை செய்தால் 94, 95க்கு மேல் ஏறவே ஏறாது. எந்த நேரத்தில் பார்த்தாலும் அதே 94 என்றால் இணையச் சேவைக்காரரிடம் புகார் சொல்லிப் பயனில்லை.

ஸ்விட்ச்சையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 10/100 என்று மட்டும் எழுதிய பழைய ஸ்விட்ச் என்றால் கேபிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் 100தான். அதை மாற்றிவிடுங்கள்.

4. யூனிட்டைக் கீழே கொண்டு வாருங்கள்

மாடி யூனிட்டைக் கழற்றி, முதன்மை யூனிட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து, கடையில் வாங்கிய சின்ன பேட்ச் கார்டால் (இரண்டு முனையிலும் பிளக் மாட்டியே வரும் கேபிள்) இணையுங்கள். வேகம் வந்துவிட்டால் யூனிட்டில் குறையில்லை. சுவருக்குள் போகும் கேபிளைப் பார்க்க வேண்டியதுதான். பத்து நிமிட வேலை. இதை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிஞ்சியிருக்கும்.

5. நுனிகள்: நான் மாட்டிக்கொண்ட இடம்

சுவர்ப் பெட்டியைத் திறந்தபோது பழுப்பு வயர் ஒன்று அறுந்து தொங்கியது. சாக்கெட்டில் வயரை அழுத்துவதற்கென்றே பஞ்ச் டவுன் டூல் இருக்கிறது. அதற்குப் பதில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் இப்படித்தான் ஆகும். சரி, நாமே செய்துவிடலாம் என்று பிளக்கைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் வாங்கி, இரண்டு முனையையும் வெட்டிப் புது ஆர்ஜே45 பிளக் மாட்டினேன். கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. லேப்டாப்பும் 1000 காட்டியது. வேலை முடிந்தது என்று தூங்கப் போனேன்.

மறுநாள் மனைவியின் அலுவலக வீடியோ அழைப்பு நான்கு முறை அறுந்தது. வேகம் இருக்கிறது, ஆனால் இணைப்பு நிலைக்கவில்லை.

நான் செய்த தவறு: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டேன். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. அதனால் டெஸ்டருக்கு எல்லாம் சரி. ஆனால் 3ஆம் ஊசியும் 6ஆம் ஊசியும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். முறுக்கிய ஜோடியில்தான் ஒரு வயரின் இரைச்சலை இன்னொன்று சமன் செய்யும். வெவ்வேறு ஜோடியிலிருந்து ஒவ்வொரு வயரை எடுத்து 3லும் 6லும் போட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். விளக்கு டெஸ்டர் வயர் தொடர்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். ஜோடி மாறியதைச் சொல்லாது.

சரியான வரிசை (டி568பி என்ற தரநிலை), கிளிப் கீழ்ப்பக்கம் இருக்கும்படி, தங்க ஊசிகள் மேலே தெரியும்படி, கேபிள் நம் பக்கம் வரும்படி பிடித்து, இடமிருந்து வலம்:

வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

பச்சை ஜோடிக்கு நடுவே நீல ஜோடி வந்து உட்காரும். அதை மட்டும் நினைவில் வைத்தால் மற்றது தானாக வரும். இரண்டு முனையிலும் இதே வரிசை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

மாட்டி முடித்ததும் லேப்டாப்பிலிருந்து முதன்மை யூனிட்டுக்கு ஒரு மணி நேரம் பிங் (சின்னத் தகவல் பாக்கெட்டுகளை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். வீட்டுக்குள் கேபிளில் ஒரு பாக்கெட்கூட தொலையக் கூடாது. அப்புறம் ஐபெர்ஃப் என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டு கணினிகளுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். 1000இல் (கிகாபிட்) ஓடும் நல்ல கேபிளில் 940 எம்பிபிஎஸ் பக்கம் வரும்.

வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும் ‘ஃபுல் காப்பர்’ கேபிள்தான் வேண்டும் என்று கேளுங்கள். விலை குறைந்தவற்றில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது நிறைய வருகிறது. பிளேடால் வயரைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இரண்டு தடவை மடக்கினாலே ஒடிந்துவிடும். சுவருக்குள் அதைப் போடவே கூடாது. ஆர்ஜே45இல் வயர் முன்பக்கம் வெளியே வரும் வகை கிடைக்கிறது. அதற்கென்று கிரிம்பிங் டூலும் தனி. கொஞ்சம் விலை கூடினாலும் புதிதாகச் செய்பவர்களுக்கு அதையே சொல்வேன். நிறங்களைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தலாம்.

பின்னால் சேர்த்தது

ஒரு வாசகர் வேகம் கூடும் என்று ஒரே யூனிட்டுக்கு ஸ்விட்ச்சிலிருந்து இரண்டு கேபிள் போட்டிருக்கிறார். வீடு முழுக்க இணையம் நின்றுவிட்டது. அது லூப். தகவல் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே அடைத்துவிடும். ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் படபடவென்று மின்னினால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். ஒரு யூனிட்டுக்கு ஒரு கேபிள்தான்.

இன்னொருவருக்கு ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பிறகு மாடி வேகம் குறைந்தது. அவருடைய மெஷ் யூனிட்டுகள் இன்வெர்ட்டர் லைனில் இருந்தன. ஸ்விட்ச் மட்டும் சாதாரண லைனில். கரண்ட் போனதும் ஸ்விட்ச் அணைந்துவிடும், மாடி யூனிட் வைஃபைக்கு மாறிவிடும். கரண்ட் வந்த பிறகும் அது கேபிளுக்குத் திரும்பவில்லை. ஸ்விட்ச்சின் பிளக்கை இன்வெர்ட்டர் பாயிண்ட்டுக்கு மாற்றச் சொன்னேன். மாற்றியதிலிருந்து பிரச்சினை இல்லையாம். நானும் எழுந்து போய் எங்கள் ஸ்விட்ச் எந்த லைனில் இருக்கிறது என்று பார்த்தேன். சாதாரண லைன்தான். அன்றைக்கே மாற்றிவிட்டேன்.