கடலோர வீட்டுத் தாங்குசுவர்: கொட்டேஷனைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி என இராமநாதபுரம் கடற்கரையோர ஊர்களில், சாலை உயரும் ஒவ்வொரு முறையும் மழைநீர் வீட்டுக்குள் புகாதிருக்க மனையையும் மண்ணடித்து உயர்த்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அப்போது எல்லைக்காக மட்டும் கட்டிய மதில்சுவர் யாரும் கேட்காமலே மண்ணைத் தாங்கும் சுவராகிவிடுகிறது. சில மழைக்காலங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு அது வயிறு தள்ளும் அல்லது தெருப்பக்கம் சாயும். அதை இடித்துப் புதிதாகக் கட்ட இரண்டு மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் கொட்டேஷன் வாங்கியவுடன் பெரும்பாலோர் பார்ப்பது கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையைத்தான். முதல் தவறு அதுவே.

பழைய சுவர் ஏன் போனது என்று ஒரு வரிகூட எழுதாத கொட்டேஷனை, தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் கீழே வைத்துவிடுவேன். நடுவில் வயிறு தள்ளியிருந்தால், பெரும்பாலும் பின்னால் தேங்கிய நீரோ சுவரின் கனக் குறைவோ காரணமாக இருக்கும். அடியோடு சாய்ந்திருந்தால் அஸ்திவாரம் குறுகலாக இருந்திருக்கும், அல்லது அதன் அடியிலிருந்த மணல் அரித்துப் போயிருக்கும். பழுப்புக் கறையுடன் நெடுக வெடித்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கிறது. இவற்றைப் பார்க்காமல் “அதே அளவில் திரும்பக் கட்டித் தருகிறேன்” என்பவர் அதே விழுதலைத்தான் மறுபடி விற்கிறார். மனையை இன்னும் சற்று உயர்த்தும் எண்ணம் இருந்தால் அதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். தாங்கும் மண்ணின் உயரம் 4 அடியிலிருந்து 6 அடியானால், சுவரின் மேல் வரும் தள்ளுவிசை சுமார் இரண்டேகால் மடங்காகிறது. அதைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புவிசை மூன்று மடங்கையும் தாண்டிவிடுகிறது. “இரண்டு வரிசைக் கல் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்” என்று போகிற போக்கில் முடிவு செய்யக்கூடிய விஷயம் அன்று இது.

நீர் வடியும் வழியைப் பற்றிக் கொட்டேஷன் என்ன சொல்கிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். மணல் பூமி என்பதால் தண்ணீர் தானே இறங்கிவிடும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. ஆனால் மனையை உயர்த்த அடிக்கும் மண் பல நேரம் கடல் மணலன்று, வெளியிலிருந்து வரும் களிச்சேர்க்கையுள்ள மண். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவருக்குப் பின்னால் தலைவரை நீர் நின்றால், காய்ந்த மண் தள்ளுவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான விசையை அந்தச் சுவர் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே வீப் ஹோல் எனப்படும் வடிதுளைகளின் குழாய் விட்டம், அவற்றின் இடைவெளி, பின்னால் கொட்டும் ஜல்லியின் கனம், மணல் வெளியேறாமல் தடுக்கும் வடிதுணி ஆகிய நான்கும் அளவோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். வடிதுணி இல்லாமல் துளை மட்டும் வைத்தால் தண்ணீரோடு மணலும் போய், முற்றத்துத் தரை உள்வாங்கும். செப்டிக் தொட்டியோ உறிஞ்சுகுழியோ சுவரை ஒட்டி இருந்தால், மழை இல்லாத சித்திரையிலும் அந்த மண் ஈரமாகவே இருக்கும் என்பதையும் ஒப்பந்தக்காரரிடம் காட்டிவிட வேண்டும்.

உப்பை மறந்து போடப்படும் கொட்டேஷன்களே இங்கு அதிகம். காங்கிரீட் சுவர் என்று சொல்லிவிட்டு “1:1.5:3 கலவை” (சிமென்ட், மணல், ஜல்லி விகிதம்) என்று எழுதியிருந்தால், அது எம்20 தரத்துக்கு ஈடானது; எம் எண் கூடக் கூடக் காங்கிரீட்டின் வலிமை கூடும். ஐஎஸ் 456 என்னும் இந்தியத் தர விதி, கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கம்பிக் காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் கவரும் கேட்கிறது. கடல்நீர்த் தெறிப்பு நேரே படும் இடமானால் எம்35 தரமும் 50 மில்லிமீட்டர் கவரும் வேண்டும். கம்பியைத் தள்ளி நிறுத்த வழக்கமாக வைக்கும் ஓர் அங்குலக் கவர் பிளாக்கோடு (25 மில்லிமீட்டர்) கட்டினால், காசு கொடுத்து வாங்கிய கம்பி சில ஆண்டுகளிலேயே சுவரை உள்ளிருந்து உடைக்கத் தொடங்கும். கலவைக்கு எங்கிருந்து தண்ணீர் எடுப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். கம்பிக் காங்கிரீட்டுக்கான நீரில் உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதே விதி. வாயில் வைத்தால் கரிக்கும் போர்த் தண்ணீரைச் சோதனை செய்யாமல் நம்ப முடியாது. லாரித் தண்ணீரின் செலவு யாருடையது என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்ளலாம். “சல்பேட்டைத் தாங்கும் சிமென்ட் போடுகிறேன்” என்று கூடுதல் தொகை கேட்பவர்களும் உண்டு. கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடைத் தடுப்பதில் அந்தச் சிமென்ட் சிறந்ததன்று. இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமென்ட் இங்கு பொருத்தமானது.

கம்பி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். அடித்தளத்திலிருந்து நிமிர்ந்து நிற்கும் காங்கிரீட் தாங்குசுவரில் இழுவை மண் பக்கத்தில்தான் உண்டாகிறது. எனவே முதன்மையான நிமிர்கம்பிகளும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். பழக்கத்தால் தெருப்பக்கம் கட்டிவிட்டால், எத்தனை கிலோ கம்பி போட்டாலும் பலனில்லை. படம் இல்லாத கொட்டேஷனில் இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது.

தொகைகளை ஒப்பிடும்போது சதுர அடி விகிதம் ஏமாற்றும். 40 அடி நீளச் சுவர் தரைக்கு மேல் 5 அடியும் கீழே இரண்டரை அடியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே தெரியும் 200 சதுர அடிக்கு 900 ரூபாய் கேட்பவரின் தொகை 1,80,000. அஸ்திவாரத்தையும் சேர்த்து 300 சதுர அடியாக அளந்து 650 ரூபாய் கேட்பவரின் தொகை 1,95,000. விகிதத்தை மட்டும் பார்த்தவருக்கு இரண்டாமவர்தான் மலிவாகத் தெரிவார். இடிப்பு, இடிபாட்டை அப்புறப்படுத்துவது, மண்ணைத் தோண்டித் திரும்ப நிரப்பி அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்துவது, ஜிஎஸ்டி ஆகியவை யார் கணக்கில் வருகின்றன என்றும் பார்த்தாக வேண்டும். வீடு கடலை ஒட்டியிருந்தால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி தேவையா என்று கேட்காமல் கடப்பாரையைத் தொடவிடக் கூடாது.

முன்பணமாகப் பாதியைக் கொடுப்பது வேண்டாம். இடிப்பு, அடித்தளம், சுவர், பின்நிரப்பு என்று வேலை முடிய முடியக் கொடுப்பதாக எழுதிக்கொண்டு, ஒரு சிறு பகுதியை அடுத்த வடகிழக்குப் பருவமழை வரை நிறுத்தி வைக்க ஒப்பந்தக்காரரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். முதல் பெருமழை ஓய்ந்த மறுநாள் காலை துளைகளைப் பார்த்தால் போதும்: தெளிந்த நீர் சொட்டினால் மீதியைக் கொடுத்துவிடலாம், மணல் கலந்து வந்தாலும், ஒன்றுமே வராமல் சுவர் மட்டும் வியர்த்திருந்தாலும், பணம் கொடுக்கும் முன் அவரை அழைத்துக் காட்ட வேண்டும்.