திருவொற்றியூரில் மூன்று நாள் இசை விழா நடத்துவது எப்படி

தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். நாங்கள் டிசம்பர் 26, 27, 28 என்று வைத்துக்கொள்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. நியூஜெர்சி, டொரண்டோவில் பாட்டு கற்கும் பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் லீவில் தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்திருப்பார்கள். பெரிய வித்வான்கள் அப்போது மார்கழிக் கச்சேரி சீசனில் மயிலாப்பூரையும் தி.நகரையும் விட்டு நகர மாட்டார்கள்தான். பரவாயில்லை, இது பிள்ளைகளின் விழா. வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தனி மேடை கொடுக்காதீர்கள். தண்டையார்பேட்டைப் பெண்ணும் டொரண்டோ பெண்ணும் சேர்ந்து அரை மணி நேரம் பாடட்டும். ஊர் வந்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மேடையிலேயே கண் சொருகும்.

என்ன பாடுவது என்பதில்தான் இந்த விழாவின் உயிர் இருக்கிறது. தியாகராஜர் இங்கே வந்து நம் கோயில் அம்மனான வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். கல்யாணி, பேகடா, சுத்த சாவேரி என்று அத்தனையும் பிள்ளைகள் கற்க ஏற்ற ராகங்கள். யார் எங்கிருந்து வந்தாலும் அதில் ஒன்றைப் பாடவேண்டும் என்பது எங்கள் விதி. செப்டம்பரிலேயே வீடியோ காலில் பாடம் தொடங்கிவிடுவேன். சாகித்யம், அதாவது பாட்டின் வரிகள், தெலுங்கு. அதனால் பாடுவதற்கு முன் பிள்ளையே இரண்டு வரியில் தமிழில் பொருள் சொல்லவேண்டும்.

ஒரு வருஷம் முன்வரிசையில் பூக்கட்டும் அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார், மடியில் பாதி கட்டிய சரம். "அம்மா சுந்தரி, உன் அழகைக் காண எனக்குக் கிடைத்ததே" என்று பிள்ளை சொன்னதும், "நம்ம வடிவுடையம்மனா?" என்று உரக்கவே கேட்டார். கல்யாணி முடியும்வரை சரத்தைத் தொடவில்லை. மறுநாள் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். நோட்டீஸ் ஒட்டி வராத கூட்டம் அது. நீங்களும் தேரடியில் கடை கடையாகப் போய் வாய்விட்டு அழையுங்கள்.

அப்புறம் மைக்செட். எங்கள் முதல் விழாவில் பொதுக்கூட்டத்துக்கு வைப்பது போல் எக்கோ வைத்துவிட்டார்கள். ஆலாபனையில் ஒவ்வொரு சுரமும் முந்தைய சுரத்தின் மேல் ஏறி விழுந்தது. "எக்கோ சுத்தமாக வேண்டாம்" என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேடையில் பாடுபவரைப் பார்த்து ஒரு சிறிய ஸ்பீக்கர் கட்டாயம் வேண்டும். சுருதி காதில் விழாத பிள்ளை எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும் தடுமாறும். மிருதங்கத்தின் வலந்தலை (நடுவில் கருப்பு வட்டம் உள்ள பக்கம்) சபையைப் பார்க்கவேண்டும் என்பதால் வாசிப்பவர் பாடகரின் வலப்பக்கம், வயலின் இடப்பக்கம். இடது கைக்காரர் வாசித்தால் இரண்டும் இடம் மாறும், மைக்கையும் மாற்றவேண்டும். டேபிள் ஃபேன் காற்று எந்த மைக்கிலும் மோதக்கூடாது. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஜன்னல் உள்ள மண்டபம் வேண்டாம். கன்டெய்னர் லாரி ஹாரனோடு எந்தக் குரலும் போட்டி போட முடியாது.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் அனுமதி கிடையாது. நாங்கள் எட்டரைக்கே மங்களம் பாடிவிடுகிறோம், மெட்ரோ பிடிப்பவர்களுக்கும் அதுதான் வசதி.

பணம் விஷயத்தில் கவனம். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். குடியுரிமை மாறியவரென்றால், அவர் நம் தெருவில் பிறந்தவராகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. அன்போடு நீட்டுபவரிடம் மறுப்பது சங்கடம்தான். அவர்களிடம் நான் வேறு கேட்பேன்: உங்கள் பிள்ளையை மூன்று நாளும் இங்கே உட்கார விடுங்கள், மற்ற பிள்ளைகள் பாடுவதையும் கேட்கட்டும்.

பக்கவாத்தியக்காரர்களின் சன்மானக் கவரை அன்றன்றைக்கே, அவர்கள் வாத்தியத்தை உறையில் போடும் நேரத்தில் கையில் கொடுத்துவிடுங்கள்.