தீராத கணக்குல கை வைக்குறதுக்கு முன்னாடி

போன வாரம் காரைக்குடியில எங்க வீட்டு முகப்புல ரெண்டு தம்பிங்க வந்து உக்காந்தாங்க, ஒருத்தன் கணக்குல எம்எஸ்சி, இன்னொருத்தன் ஈசிஇ முடிச்சுட்டு பிஎச்டி சேரப்போறவன். கணக்கு தம்பி பையிலேருந்து 14 பக்கத்த எடுத்து நீட்டுனான், "அண்ணே, கொலாட்ஸ முடிச்சுட்டேன்." ஆத்தா வச்சுட்டுப் போன வெள்ளைப் பணியாரத்த தொடக்கூட இல்ல, அவ்ளோ பரபரப்பு. மூணாவது பக்கத்துலயே ஓட்டை இருந்துச்சு. அவன குறை சொல்லல, நானும் இப்படி விழுந்து எந்திரிச்சவன்தான், அதனாலதான் இத எழுதுறேன்.

கொலாட்ஸ் தெரியாதவங்களுக்கு: 1லேருந்து ஏதாவது ஒரு முழு எண்ண எடுங்க, இரட்டைப்படைன்னா பாதியாக்குங்க, ஒத்தைப்படைன்னா 3ஆல பெருக்கி 1 கூட்டுங்க, இதையே திரும்பத் திரும்ப செஞ்சா கடைசில 1க்கு வந்து நிக்குது. 27ல ஆரம்பிச்சா 9232 வரைக்கும் ஏறி, 111 படி தாண்டித்தான் 1க்கு எறங்கும். எல்லா எண்ணும் எறங்குமான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் நிரூபிக்கல. தம்பி என்ன எழுதியிருந்தான்னா, ஒத்தைப்படைலேருந்து ஒத்தைப்படைக்கு போறப்ப சராசரியா முக்கால் மடங்கா சுருங்குது, அப்ப எல்லாம் எறங்கித்தானே ஆகணும்னு. சராசரி சுருங்குறது சரிதான், ஆனா ஏதோ ஒரே ஒரு எண்ணு மட்டும் தப்பிச்சு ஓடாதுன்னோ, 1க்கு வராம எங்கயாவது செக்குமாடா சுத்தாதுன்னோ சராசரி ஜாமீன் நிக்காது.

இதுக்கு ஒரு சின்ன சோதனை இருக்கு. 1 கூட்டுறதுக்கு பதிலா 1 கழிச்சுப் பாருங்க. 5, 14, 7, 20, 10, மறுபடி 5. சுத்திட்டே கெடக்கும், 1க்கு வரவே வராது. இந்தக் கணக்குலயும் சராசரி அதே முக்கால்தான்! அப்ப உங்க ப்ரூஃப் இதுக்கும் அப்படியே பொருந்துச்சுன்னா ப்ரூஃப் தப்பு, 14 பக்கம் படிக்கவே வேணாம். தம்பி ரெண்டு நிமிஷம் பேசல, அப்புறம் ஒரு பணியாரத்த எடுத்தான்.

உடனே அடுத்தது வந்துச்சு, "கம்ப்யூட்டர்ல கோடிக்கணக்கா செக் பண்ணியாச்சேண்ணே, அப்ப உண்மைதானே?" இதுவும் வழக்கமா விழுற குழிதான். 1919ல போல்யான்னு ஒரு கணக்கு மேதை ஒரு யூகம் சொன்னாரு: எந்த எண்ணு வரைக்கும் எடுத்தாலும், பகா காரணிங்க (திரும்ப வந்தா திரும்ப எண்ணணும்) ஒத்தைப்படை எண்ணிக்கையில இருக்கற எண்கள் கொறஞ்சது பாதியாவது இருக்கும்னு. 1958ல ஹேசல்குரோவ் அது தப்புன்னு காட்டினாரு. எங்க மொத மொதல்ல தப்புதுன்னு 1980லதான் தெரிஞ்சுச்சு, 90,61,50,257ல. 90 கோடி வரைக்கும் சமத்தா வந்த பிள்ளை அங்க போயி கவுத்துடுச்சு.

பொருளாதாரத்துல வேற மாதிரி. எங்க ஐயா ரங்கூன் கடையில பெட்டியடிப் பையனா, அதாவது எடுபிடியா, சேந்தவரு, ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் கணக்கு) எடுக்குறப்ப ஒரு அணா இடிச்சாலும் விடிய விடிய உக்காந்து தேடணும்பாரு. 2010ல ரெய்ன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியருங்க, அரசாங்கக் கடன் ஜிடிபில 90 சதவீதத்த தாண்டுன நாடுங்க வளர்ச்சி சராசரியா மைனஸ் 0.1 சதவீதம்னு எழுதுனாங்க, அரசாங்கச் செலவ வெட்டணும்னு சொன்ன அரசியல்வாதிங்க அத தூக்கிட்டு அலைஞ்சாங்க. 2013ல ஹெர்ண்டன்னு ஒரு ஆராய்ச்சி மாணவர் க்ளாஸ் வேலைக்காக அவங்க எக்ஸெல் ஃபைல கேட்டு வாங்கிப் பாத்தா, சராசரி எடுத்த எடத்துல அஞ்சு நாடு விட்டுப்போயிருக்கு. எல்லாத்தையும் சரி பண்ணுனா ப்ளஸ் 2.2 வருதுன்னு அவரும் அவரோட பேராசிரியருங்களும் சேந்து எழுதுனாங்க.

எல்லாரும் அந்த எக்ஸெல் தப்பத்தான் சொல்லி சிரிப்பாங்க. ஆனா அதால ஆன வித்தியாசம் கொஞ்சம்தான், பெரிய சிக்கல் எடை போட்டதுல. 19 வருஷம் கடன்ல இருந்தும் 2.4 வளந்த பிரிட்டனுக்கு ஒரு ஓட்டு, ஒரே ஒரு வருஷம், 1951ல, மைனஸ் 7.6 போன நியூசிலாந்துக்கும் ஒரு ஓட்டு. கூட்டல் தப்ப டேலி பண்ணி புடிச்சுரலாம், இந்த மாதிரி தப்பு எவ்வளவு டேலி பண்ணுனாலும் மாட்டாது, ஏன்னா கணக்கு இடிக்காது. அதனால டேட்டா வாங்குனா மொதல்ல கேக்க வேண்டியது, ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு எடை, அத யாரு முடிவு பண்ணுனா?

இப்ப என் மானத்த நானே வாங்கிக்கிறேன். பிஎச்டி ரெண்டாம் வருஷம், அனுப்புற பிட்டுல விழுற தப்ப திருத்துற ஒரு கோட் டிசைன் பண்ணி, 10 லட்சம் பிட்டுக்கு ஒரு எரர்தான் வருதுன்னு காட்டணும். நான் ஓட்டுனது ஒரு லட்சம் பிட். ஒரு எரரும் வரல, பூஜ்யம்னு கிராஃப் போட்டு ஸ்வீட்டும் வாங்கிட்டேன். கொறஞ்சது 100 எரராவது எண்ணுனாத்தான் அந்த புள்ளிய நம்பலாம், அதுக்கு 10 கோடி பிட் ஓட்டணும். ராத்திரி முழுக்க சிஸ்டம் ஓடும், ஓடட்டும். அடுத்த மாசம் அதவிட மோசம், என் கோட் மைனஸ் 1.59 டெசிபெல்லுக்கும் கீழ வேலை செஞ்சுச்சு. இரைச்சலோட ஒப்பிட்டா ஒரு பிட்டுக்கு கொறஞ்சது இவ்வளவு எனர்ஜி வேணும்னு, தகவல் கோட்பாட்ட உருவாக்குன ஷானன் 1948ல போட்டு வச்ச எல்லைக்கோடு அது. கைடு பாத்துட்டு "ஷானனையே தாண்டிட்டியாப்பா"ன்னு மட்டும் கேட்டாரு. ஒரு தகவல் பிட்டுக்கு கோட் ரெண்டு பிட் அனுப்புறத மறந்து, அனுப்புற ஒரு பிட்டுக்கு ஆகுற எனர்ஜிய தகவல் பிட்டுக்குன்னு எழுதியிருந்தேன், 3 டெசிபெல் சும்மா கெடச்சிருச்சு. எல்லைய தாண்டுனா மொதல்ல சொந்த கணக்க சந்தேகப்படுங்க.

இயற்பியல்காரங்களுக்கு அவசரம் ஜாஸ்தி. 2015 டிசம்பர்ல செர்ன் துகள் ஆய்வுக்கூட டேட்டாவுல 750 ஜிஇவி (துகளோட நிறைய அளக்குற அலகு) கிட்ட ஒரு மேடு தெரிஞ்சுச்சு, புதுத் துகள்னு சொல்லி நூத்துக்கணக்கா பேப்பர் வந்து குவிஞ்சுச்சு, 2016 ஆகஸ்ட்ல கூட டேட்டா வந்ததும் மேட்டையே காணோம். பிள்ளையார்பட்டி கூட்டத்துல ஆயிரம் பேர ஆளுக்கு பத்து தடவை காசு சுண்டச் சொன்னா யாராவது ஒருத்தருக்கு பத்தும் தலையா விழுறது அதிசயமே இல்ல, அவரப் புடிச்சு சாமியாடின்னு சொல்லக்கூடாது.

பழசுன்னு ஒதுக்குறதும் தப்புதான். காலகர் 1960ல எம்ஐடில தீசிஸா எழுதுன எல்டிபிசிங்கற தப்பு திருத்துற கோட் முப்பது வருஷம் கிட்டத்தட்ட தூங்குச்சு, இன்னிக்கு 5ஜி டேட்டா அதுலதான் போகுது. நம்ம ஊரு பழைய சாமான் கடையில தேக்குத் தூண தேடுற மாதிரி பழைய பேப்பரையும் கொஞ்சம் தேடுங்க.

ஈசிஇ தம்பி அதுவரைக்கும் பேசாம இருந்தவன், "நம்ம ஊருல இருந்துகிட்டு இதெல்லாம் ஆகுமாண்ணே"ன்னான். சென்னையில ராமானுஜன் பேருல கணித ஆராய்ச்சி நிலையத்த ஆரம்பிச்சதே அழகப்ப செட்டியார்தான், இங்க இருக்கற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் சிக்ரிக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்ததும் அவருதான்டா, சாக்கு சொல்லாதன்னேன். அவன் எடுத்திருக்கறது இண்டர்ஃபியரன்ஸ் சேனல், ரெண்டு பேரு ஒரே அலைவரிசையில பேசுனா மொத்தம் எவ்வளவு அனுப்பலாம்னு கணக்கு, பொதுவான விடை இன்னும் கெடையாது. முழுசா தீக்காம எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்திராத, 2008ல எட்கின், டிஸே, வாங் மூணு பேரும் ஒரு பிட் தள்ளி வரைக்கும் நெருங்கிட்டாங்க, அதுவே பெரிய பேப்பர்னு சொன்னேன். கொலாட்ஸ்லயும் அப்படித்தான், 2019ல டெரன்ஸ் டாவ்ங்கற கணக்கு மேதையே "அனேகமா எல்லா எண்ணும், அனேகமா கீழ எறங்கிடும்"ங்கற அளவுக்குத்தான் நிரூபிச்சாரு. கணக்கு தம்பி அத அங்கயே டவுன்லோட் பண்ணி, ரெண்டு பக்கம் தள்ளிட்டு, மிச்சமிருந்த பணியாரத்த காலி பண்ணுனான்.