அன்ராவல்: அவிழ்ப்பதும் அவிழ்வதும்

ஆங்கிலச் செய்திகள் படிக்கத் தொடங்கியவர்களைக் குழப்பும் வினைச்சொற்களில் 'அன்ராவல்' ஒன்று. ஒரு செய்தியில் போலீசார் ஒரு கொலை மர்மத்தை அன்ராவல் செய்துவிட்டார்கள் என்றிருக்கும். அடுத்ததில் ஒரு கூட்டணி அன்ராவல் ஆகத் தொடங்கிவிட்டது என்றிருக்கும். 'சிக்கெடு' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் இரண்டாவது செய்தியைப் படித்துவிட்டு, கூட்டணியின் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் அங்கே கூட்டணி உடைந்துகொண்டிருக்கிறது.

படி 1: முதலில் ஓர் அரிசி மூட்டையைப் பிரியுங்கள்

மூட்டையின் வாயில் போட்டிருக்கும் தையலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால், சரசரவென்று மொத்த நூலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். அதுதான் அன்ராவல். பின்னியிருந்த நூல், இழை இழையாகக் கழன்று வருவது.

வீட்டில் நாமே இழுத்தால் வேலை முடிந்தது என்று மகிழ்ச்சி. அதே தையல் லாரியில் வரும்போது தானாகக் கழன்றால் அரிசி ரோட்டில் கொட்டிவிடும். இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 2: உச்சரிப்பு, எழுத்து

'டிராவல்ஸ்' என்கிறோமே, அதில் உள்ள 'ராவல்'தான் இங்கேயும். அழுத்தம் 'ரா'வில் விழ வேண்டும். இறந்தகாலம் 'அன்ராவல்ட்'. பிரிட்டிஷ் முறையில் இறந்தகாலத்திலும் 'இங்' வடிவத்திலும் 'எல்' இரண்டு முறை வரும், அமெரிக்க முறையில் ஒன்றுதான். நம் பள்ளிகளில் கற்பது பிரிட்டிஷ் முறை, ஆகவே இரண்டு போடுங்கள்.

படி 3: செய்பவர் யார் என்று பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது, ஏனென்றால் இதற்குத் தமிழே கைகொடுக்கிறது. 'முடிச்சை அவிழ்த்தான்' என்றால் பிறவினை. 'முடிச்சு அவிழ்ந்தது' என்றால் தன்வினை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அவிழ்த்தல், அவிழ்தல் இரண்டையும் அன்ராவலே சுமக்கிறது.

யாரோ ஒருவர் எதையோ அன்ராவல் செய்தால், பெரும்பாலும் புதிர் தீர்கிறது என்று பொருள். உதாரணம்: 'மைக்கேல் வென்ட்ரிஸ் அன்ராவல்ட் தி மிஸ்டரி ஆஃப் லீனியர் பி.' கிரீட் தீவிலும் கிரேக்கத்திலும் கிடைத்த களிமண் பலகைகளில் உள்ள பழைய எழுத்துமுறை லீனியர் பி. கட்டடக் கலைஞரான வென்ட்ரிஸ் 1952-இல் அதைப் படித்தறிந்தார். ஆலிஸ் கோபர் என்ற அமெரிக்க அறிஞர் அதற்கு முன்பே, சொற்களின் கடைசி எழுத்துகள் எப்படி மாறுகின்றன என்று பொறுமையாக ஆராய்ந்து வழி போட்டிருந்தார். வென்ட்ரிஸ் சில சொற்களை க்னோசோஸ் போன்ற ஊர்ப்பெயர்களாக இருக்கலாம் என்று ஊகித்தார். அதில் கிடைத்த ஒலிகளை மற்ற சொற்களில் பொருத்த, அவையும் ஒவ்வொன்றாகப் படிக்க வந்தன. மொழி கிரேக்கம் என்று தெரிந்தது. ஒரு நுனி கிடைத்தது, மூட்டைத் தையல் போல மீதி வந்தது. இந்த இடத்தில் 'சால்வ்' என்று எழுதினாலும் தவறில்லை, ஆனால் அந்த இழை இழையாக வரும் உணர்வு 'அன்ராவ'லில்தான் இருக்கிறது.

ஒரு பொருள் தானாகவே அன்ராவல் ஆனால், பெரும்பாலும் அது குலைகிறது. 'தேர் மேரேஜ் இஸ் அன்ராவலிங்' என்றால் திருமண உறவு முறிந்துகொண்டிருக்கிறது. 'தி பிளான் அன்ராவல்ட்' என்றால் திட்டம் நிலைகுலைந்தது.

விதிவிலக்கும் உண்டு. 'தி மிஸ்டரி பிகேன் டு அன்ராவல்' என்றால் மர்மம் விலகத் தொடங்கியது. ஐயம் வந்தால் இப்படிக் கேளுங்கள்: இந்தப் பொருள் கட்டாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறோமா, பிரிய வேண்டும் என்று நினைக்கிறோமா? மர்மம் பிரிய வேண்டியது. திருமணமும் ஒப்பந்தமும் கட்டாக இருக்க வேண்டியவை.

படி 4: நம்மவர்கள் வழுக்கும் இடங்கள்

தமிழில் பார்சலையும் 'பிரி' என்போம். அதை நினைத்து 'அன்ராவல் தி பார்சல்' என்று எழுதக் கூடாது. அதற்கு 'அன்ராப்'. சிலையைத் திறந்து வைப்பது 'அன்வெய்ல்'. தான் ஊருக்குப் போவதாக ஒருவர் ரகசியத்தைச் சொன்னால் 'ரிவீல்ட் தட்' என்று வரும், 'அன்ராவல்ட் தட்' வராது. கணக்குப் பாடத்தில் வரும் 'பிராப்ளம்' என்றால் 'சால்வ்' போதும். அப்புறம், 'அன்ராவல் அபவுட்' என்று நடுவில் எதையும் நுழைக்காதீர்கள். நேராகப் பொருள் வரட்டும்.

படி 5: பக்கத்து வீட்டுச் சொற்கள்

இயர்போன் வயரையோ தலைமுடியையோ சிக்கெடுக்க 'அன்டேங்கிள்'. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ள 'டிஸ்என்டேங்கிள்', இதோடு 'ஃப்ரம்' வரும். ஒரு கருத்தைப் பிரித்துப் பிரித்து விளக்குவது 'அன்பேக்'.

சரி, ஒரு வேடிக்கை. 'அன்' இல்லாத 'ராவல்' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. அது சிக்காக்குவதையும் குறிக்கும், சிக்கெடுப்பதையும் குறிக்கும்! டச்சு மொழியிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். இன்று அதை அதிகம் பார்க்க முடியாது, எழுதுவதையும் தவிர்க்கலாம்.

படி 6: நீங்களே எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: 'ஸ்வெட்டரின் கை நூல் நூலாகப் பிரிந்துவிட்டது.' 'அந்த நிருபர் ஊழலின் முடிச்சை அவிழ்த்தார்.' 'பேச்சுவார்த்தை ஒரே வாரத்தில் குலைந்தது.' எழுதி முடித்ததும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'அவிழ்த்தல்' அல்லது 'அவிழ்தல்' என்று குறியுங்கள். முதலாவதும் மூன்றாவதும் ஒரே வகையாக வந்தால் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.