செக் இன்ஜின் விளக்கு எரிந்தால்: பழுதுக் குறியீட்டை (கோடு) படித்துப் பழுதைப் பிடிப்பது

முதலில் விளக்கின் நிறத்தைப் பாருங்கள். ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ சிவப்பாக எரிந்தால், பழுதுக் கோடுகளைப் படிக்கும் கருவியான ஸ்கேனரைத் தேட வேண்டாம். வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடினால் பேரிங்குகள் சில நிமிடங்களிலேயே தேய்ந்து போகும். மஞ்சள் செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். விட்டுவிட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அப்படியே ஓட்டிப் போகாதீர்கள்.

ஸ்கேனரைச் செருகும் 16 பின் சாக்கெட் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். இக்னிஷனை ஆன் செய்து கோடுகளை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமையும் விடாதீர்கள்: பழுது பதிவான நொடியில் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, லோடு எவ்வளவு என்று அதில் இருக்கும். எழுதுவதற்கு முன் கோடை அழித்தால் இதெல்லாம் போய்விடும். கோடுகள் சம்பந்தமில்லாமல் குவிந்து கிடந்தால் பேட்டரியை அளந்துவிடுங்கள்; நன்கு சார்ஜ் ஆன பேட்டரி இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை காட்டும். வோல்டேஜ் குறைந்தால் நல்ல சென்சார்கூடத் தப்பாகப் பேசும்.

பி0302 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். பி என்றால் இன்ஜின், கியர்பாக்ஸ் பகுதி. 0 எல்லாத் தயாரிப்பாளருக்கும் பொதுவான கோடு. 3 இக்னிஷன், மிஸ்ஃபயர் சம்பந்தப்பட்டது. 02 இரண்டாவது சிலிண்டர். காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது) போய்விட்டது என்று இந்தக் கோடு எங்கும் சொல்லவில்லை! சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள இன்ஜினில், இரண்டின் காயிலை மூன்றுக்கு மாற்றி, கோடை அழித்து ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் பழுது. இரண்டிலேயே நின்றால் இன்ஜின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். பிளக் குழியில் ஆயில் நின்றால் வால்வ் கவர் கேஸ்கட் கசிகிறது. பிளக்கும் சரி என்றால்தான் இன்ஜெக்டர், அதன்பின் கம்ப்ரஷன்.

வீண் செலவு வைப்பதில் பி0171 மோசமானது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது பொருள். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பல நேரம் அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் ஃபியூவல் டிரிம் (கலவையைச் சரிசெய்ய இன்ஜின் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஐடிலில் +20 சதவீதம் இருந்து 2500 ஆர்பிஎம்மில் +4க்கு இறங்கினால் வேக்யூம் லீக், அதாவது கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது: ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று குறைவு, அதில் கசிவின் பங்கு பெரிது. ஹோஸ்களின் வளைவுகளில் வெடிப்பைத் தேடுங்கள். மாறாக, லோடு ஏற ஏற டிரிமும் ஏறினால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர் அல்லது அழுக்கான எம்ஏஎஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது). இந்தச் சென்சாரை அதற்கான ஸ்ப்ரே கொண்டு மட்டும் கழுவுங்கள். கம்பியில் துணியோ விரலோ படக்கூடாது.

பி0420 என்றால் கேடலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது. அது மிஸ்ஃபயர் கோடோடு சேர்ந்து வந்தால் மிஸ்ஃபயரை முதலில் சரிசெய்யுங்கள். கன்வர்ட்டர் விலை உயர்ந்தது. மூலக்காரணம் இருக்கும்வரை புதியதும் கெடும். பி0455 என்றால் பெட்ரோல் ஆவியை அடக்கும் அமைப்பில் பெரிய கசிவு; முதலில் பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்து நன்றாக இறுக்குங்கள். விளக்கு அப்போதே அணையாது, சில ஓட்டங்கள் ஆகும்.

வேலை முடிந்ததும் கோடை அழித்து, இன்ஜின் முழுவதும் குளிர்ந்தபின் ஸ்டார்ட் செய்து, டவுனிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுங்கள். பிறகு ரெடினஸ் மானிட்டர்கள் (வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடிந்தனவா, பெண்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத பழுதுக் கோடு) ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேனரில் பாருங்கள். விளக்கு எரியும் முன்பே பழுது அங்கே தெரிந்துவிடும்.